பள்ளியை விற்பதாக இல்லை, அக்கா

லியெக்சா,
ஆகஸ்ட் 3, ஞாயிறு

என் மதிப்புக்குரிய இம்பி அக்காவுக்கு, தம்பி தாவெத்தி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரி கெர்த்துவும் நலம். ஏரியும் நலம். உருளைக்கிழங்கு இந்த வருடம் கொஞ்சம் சிறிசு, மற்றபடி அதுவும் நலம். அங்கே ஸ்வீடனில் நீயும் அத்தானும் உன் இடது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறோம். உன் கடிதம் கிடைத்தது. நான் இரண்டு முறை படித்தேன். கெர்த்து மூன்று முறை படித்தாள், மூன்றாவது முறை சத்தமாக.

"போட்டிக்கு ஆள் வந்தாச்சு, ஊரே சிரிக்குது, பள்ளிக்கூடத்தை அவங்ககிட்டயே வித்துட்டு மரியாதையா மீன் பிடிக்கப் போ" என்று எழுதியிருக்கிறாய். இது பவுலீனா போனில் அழுதுகொண்டே சொன்னது என்று எனக்குத் தெரியும். என் மகள் எதையும் பாதிதான் சொல்வாள், அதுவும் மோசமான பாதியை. அதனால் நடந்ததை நானே ஒழுங்காக எழுதுகிறேன். நான் விற்பதாக இல்லை. இந்த ஓட்டுநர் பள்ளி இன்று இருக்கிற நிலைமையில் எப்போதும் இருந்ததில்லை. நீ முழுக்கப் படித்துவிட்டு, "பரவாயில்லை, தம்பிக்குத் தலை இருக்கிறது" என்று அத்தானிடம் சொல்லத்தான் போகிறாய்.

பிப்ரவரியில் யோயென்சூவிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்து பழைய வங்கிக் கட்டடத்தில் ஓட்டுநர் பள்ளி திறந்தது உண்மைதான். நாலு மின்சாரக் கார், தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு, பொத்தானை அமுக்கினால் நுரையோடு காப்பி. சாலை விதிகளையெல்லாம் படுத்துக்கொண்டே போனில் படித்துக்கொள்ளலாமாம். ஊர்ப் பிள்ளைகள் போனைத் திறந்தால் அவர்கள் விளம்பரம், மூடப்போனால் இன்னொரு விளம்பரம். முப்பத்தெட்டு வருடமாக இந்த ஊரில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள். அப்படிப்பட்ட என்னிடம் மார்ச் கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவர் சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி வெட்டும் ரைமோ. ஐந்து முறை தேர்வில் தோற்றவர். ஆறாவது தடவைக்குப் புது ஆளிடம் போகக் கூச்சப்பட்டு என்னிடமே தங்கிவிட்டார். இன்னொருவர் ஹில்க்கா அம்மாள்.

ஹில்க்கா அம்மாளை உனக்குத் தெரியாது. அறுபத்தாறு வயது. வடக்கே இருபத்தாறு கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரையில் தனி வீடு. புருஷன் நாற்பது வருடம் கார் ஓட்டினார், ஒரு நாளும் சாவியை இவர் கையில் கொடுக்கவில்லை, போன வருடத்துக்கு முந்தின வருடம் போய்ச் சேர்ந்தார். கார் மட்டும் கொட்டகையில் நிற்கிறது. பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். முதல் நாள் எல்லோரையும் கேட்பதுபோல அவரையும் கேட்டேன்.

"எதுக்கு லைசன்ஸ்?"

"டாங்கோவுக்கு."

சனிக்கிழமை தோறும் நடன மேடைக்குப் பக்கத்து வீட்டுக்காரி காரில்தான் போவாராம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு இடுப்பு வலி. சரியாக ஒன்பது மணிக்கு "போலாமா?" என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்பாளாம். "நல்ல ஆட்டக்காரங்க ஒன்பதரைக்குத்தான் வர்றாங்க, தாவெத்தி. நான் கடைசி வால்ட்ஸ் ஆட்டம் வரைக்கும் இருக்கணும். ஒரே ஒரு தடவையாவது." இதைவிட நல்ல காரணத்தை முப்பத்தெட்டு வருடத்தில் நான் கேட்டதில்லை.

இரண்டு பேரை வைத்துப் பள்ளி நடத்த முடியாதுதான். ஈஸ்டருக்கு மகளும் மாப்பிள்ளை மிஸ்காவும் தம்பெரேயிலிருந்து வந்தார்கள். மிஸ்காவின் தொழில் என்னவென்று நீ கேட்டபோதெல்லாம் நான் "கம்ப்யூட்டர்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். சரியாகச் சொன்னால் இணையத்தில் மற்றவர்கள் சரக்கை விற்றுக் கொடுக்கிற தொழில். சௌனா நீராவி அறையில் மேல் பலகையில் நானும் அவனும் உட்கார்ந்திருந்தோம். நான் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழும்பி, அவன் காது சிவந்து, அப்புறம் சொன்னான்.

"மாமா, உங்களுக்கு ஒரு பிளாக் வேணும்."

"எதுக்கு?"

"ஆளுங்க தேடினா நீங்க கிடைக்கணும்."

"ஸ்டேஷன் பக்கத்துலதானே இருக்கேன். முப்பத்தெட்டு வருஷமா அங்கேதான் இருக்கேன்."

"போன்ல தேடுறதைச் சொல்றேன் மாமா. போன்ல நீங்க இல்லவே இல்ல. இந்த உலகத்துலயே இல்ல."

மருமகன் மாமனாரைப் பார்த்து, அதுவும் அம்மணமாக உட்கார்ந்திருக்கும்போது, நீ இந்த உலகத்திலேயே இல்லை என்று சொன்னால் என்ன செய்வது? இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். அவன் கீழ்ப் பலகைக்கு இறங்கிவிட்டான், ஆனால் சொன்னதை விடவில்லை. அன்றே உட்கார்ந்து வலைப்பூவைத் தொடங்கிக் கொடுத்தான். தினமும் என் வேலையைப் பற்றி எழுத வேண்டும், ஜனங்கள் படித்துவிட்டு வந்து சேர்ந்துவிடுவார்கள். இதுதான் ஏற்பாடு.

நான் எழுதினேன். எழுதத் தெரியாதவன் இல்லை, பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கியவன் என்பது உனக்கே தெரியும். முதல் பதிவு இது: "திங்கள். தூறல். இரண்டு பாடம். யாரும் சாகவில்லை." இரண்டாவது பதிவு: "செவ்வாய். அதேதான்." மிஸ்கா பதறிப்போய்ப் போன் பண்ணினான்.

"மாமா, யாரும் சாகலைன்னு விளம்பரத்துல போடக் கூடாது!"

"உண்மைதானே? அந்தக் கம்பெனிக்காரங்க அதைக்கூடப் போடலையே."

எண்ணூறு வார்த்தைக்குக் குறையக் கூடாதாம். அதோடு, தேடுகிறவர்கள் எந்தச் சொற்களைப் போட்டுத் தேடுவார்களோ அந்தச் சொற்களை அப்படியே பதினோரு முறை எழுத வேண்டுமாம். அப்போதுதான் நம் பக்கம் மேலே வருமாம். "லியெக்சாவில் கார் ஓட்டக் கற்க" என்பதுதான் அந்தச் சொற்கள். சரி, சொன்னால் சொன்னபடி செய்கிறவன் நான். "லியெக்சாவில் கார் ஓட்டக் கற்க வந்த ஒருவர் லியெக்சாவில் கார் ஓட்டக் கற்க வந்தபோது லியெக்சாவில் கார் ஓட்டக் கற்க ஏற்ற வெயில் அடித்தது" என்று தொடங்கி, பதினொன்றையும் எண்ணி எழுதி, ஒன்று அதிகமாகவே போட்டு அனுப்பினேன். மறுநாள் காலை காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், வாசலில் சுகாதார நிலையத்துச் செவிலியம்மா நிற்கிறாள், கையில் ரத்த அழுத்தக் கருவியோடு. பதிவைப் படித்த எதிர்வீட்டுக்காரர்கள், தாவெத்திக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, சொன்னதையே சொல்கிறான் என்று தகவல் கொடுத்துவிட்டார்கள். "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். "சிரிங்க" என்றாள். சிரித்தேன். அது சிரிப்புதானா என்று கெர்த்துவிடம் கேட்டாள். கெர்த்து, "இவன் கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சான்" என்று சாட்சி சொன்னாள். கடைசியாக, "எந்த ஊர்ல இருக்கீங்க?" என்றாள். நான் "லியெக்சாவில்" என்று ஆரம்பித்தேன், பழக்கதோஷம், "கார் ஓட்டக் கற்க" என்று மிச்சமும் தானாக வந்துவிட்டது. அந்தம்மா குறிப்பேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். விளக்கம் சொல்லி அனுப்புவதற்குள் ஒரு பானைக் காப்பி தீர்ந்துபோயிற்று.

மிஸ்காவின் முறை சரிப்படாது, உண்மையை உள்ளபடி எழுதுவோம் என்று முடிவு செய்தேன். இடம் வலம் தெரியாத ஒருவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் உள்ள சிரமத்தைப் பற்றி எழுதினேன். பெயர் போடவில்லை. நாகரிகம் தெரியாதவனா நான்? "காலை முதல் மாலை வரை பன்றியின் இடது தொடையையும் வலது தொடையையும் பிரித்து வைக்கிற இவருக்கு, சாலையில் வந்தால் மட்டும் இரண்டும் ஒன்றாகத் தெரிவது வியப்பு" என்று மட்டுமே எழுதினேன். லியெக்சாவில் எத்தனை இறைச்சிக் கவுன்டர் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அன்று தொள்ளாயிரம் பேர் படித்தார்கள். மிஸ்கா போனில் கூத்தாடினான், "இதுதான் மாமா வேணும்! இதுதான்!" என்று. ரைமோ பாடத்துக்கு வரவில்லை. கெர்த்து இறைச்சி வாங்கப்போனால், வரிசையில் முன்னால் நின்றாலும் அவளுக்குக் கடைசியில்தான் கொடுத்தார், அதுவும் ஜவ்வும் எலும்புமாக. இரண்டு வாரம் எங்கள் வீட்டில் சூப்பைத் தவிர ஒன்றும் இல்லை. "நீ பேனாவைப் பிடிச்சே, நான் எலும்பைப் பிடிச்சேன்" என்றாள் கெர்த்து. மன்னிப்பு எழுதச் சொன்னாள். எழுதினேன்: "முந்தைய பதிவில் ஒரு பிழை. அவருக்கு இடது பக்கம் நன்றாகத் தெரியும். வலதுதான் தெரியாது." அதற்கப்புறம் எலும்புகூடக் கிடைக்கவில்லை.

இதற்குள் மிஸ்கா தானே ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினான். மாப்பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது, நல்ல எண்ணத்தில்தான் வந்தான். வலைப்பூவை ஒரு பூக்கடை மாதிரி ஆக்கினான். என்னைக் காரோடு நிற்க வைத்து நூற்று நாற்பது படம் எடுத்தான், சிரிப்பு ஒன்றிலும் விழவில்லை. நூற்று நாற்பத்தோராவது படத்தில் எனக்குத் தும்மல் வந்தது. அந்தப் படத்தைத்தான் போட்டிருக்கிறான், பக்கத்தில் பெரிய எழுத்தில் "சிரித்துக்கொண்டே ஓட்டலாம்! மகிழ்ச்சிப் பயிற்சியாளர் தாவெத்தி!" என்று. நான் ஆட்சேபித்தேன். "மாமா, ஜனங்க லைசன்ஸ் வாங்க வர்றதில்ல, அனுபவம் வாங்க வர்றாங்க" என்றான். எனக்குத் தெரிந்து இதுவரை வந்தவர்கள் எல்லோரும் லைசன்ஸ்தான் வாங்கிப் போனார்கள். ஆனால் பார், பத்தே நாளில் இருபத்து மூன்று பேர் பதிவு செய்தார்கள்! ஹெல்சின்கியிலிருந்துகூட ஒரு ஜோடி ரயில் ஏறி வந்தது. அந்தப் பையனுக்கு ஏற்கெனவே லைசன்ஸ் இருந்தது, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறான். பின் சீட்டில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எப்போ சிரிப்பீங்க?" என்று கேட்டான்.

"உங்க மனைவி கிளட்ச்சுலேர்ந்து காலை எடுத்ததும்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கார் சாலையோரப் பள்ளத்தைப் பார்த்துப் போனது, நான் பிரேக்கை மிதித்தேன், அதற்கும் சிரித்தார்கள். அப்புறம் அபிப்பிராயம் எழுதியிருந்தார்கள். ஐந்து நட்சத்திரம்: "கடைசி வரை சிரிக்கவே இல்லை. அபாரம்." இன்னொருவர் ஒற்றை நட்சத்திரம்: "கடைசி வரை சிரிக்கவே இல்லை."

இங்கேதான், அக்கா, உன்னிடம் ஒளிக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நட்சத்திரங்கள் எனக்குப் பிடித்துப்போய்விட்டன. காலையில் எழுந்ததும் வெப்பமானியைப் பார்க்கிற நான், போனைப் பார்க்க ஆரம்பித்தேன். நேற்று எத்தனை பேர் படித்தார்கள், முந்தாநாளைவிடக் கூடவா குறைவா. ஒருத்தி காரைப் பின்னால் எடுத்து நிறுத்தத் திணறினால், முன்பெல்லாம் அவள் கழுத்து எந்தப் பக்கம் திரும்பவில்லை என்று பார்ப்பேன். இப்போது இதை எப்படி எழுதலாம் என்று பார்த்தேன். ஆள் பக்கத்தில் இருக்கிறது, நான் பதிவில் இருக்கிறேன். கெர்த்து ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "உப்பு எடுன்னு மூணு தடவை கேட்டுட்டேன். உன் பிளாக்ல எழுதிக் கேட்கணுமா?" என்றாள். அதைக்கூட மனசுக்குள் தலைப்பாக்கிப் பார்த்தேன்.

ஜூன் மாதம் ஹில்க்கா அம்மாளோடு ஏரிக்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். சரளைச் சாலை, இரண்டு பக்கமும் காடு. அவர் ஓட்டுகிறார், நான் மடியில் போனை வைத்துக்கொண்டு ஒரு தலைப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கார் மெதுவாக நின்றது. அபாய விளக்கு டிக் டிக் என்று அடிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கார் மறுபடி கிளம்பி, ஒரு வளைவு தாண்டி, ஓரமாக ஒதுங்கி நின்றது. அவர் எஞ்சினை அணைத்தார்.

"பார்த்தீங்களா?"

"எதை?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூஸ் மான். தாயும் குட்டியும். முதல்ல தாய் கடந்துச்சு. குட்டி பின்னால இருக்கும்னு நீங்க சொல்லிக் கொடுத்திருக்கீங்க. அதனால தாய் போனதும் நான் எடுக்கல. காத்திருந்தேன். குட்டி வந்துச்சு. கால் நடுங்கவே இல்ல எனக்கு. பின்னாடி வண்டி வருதான்னு கண்ணாடியைப் பார்த்தேன், விளக்கைப் போட்டேன், எல்லாம் செஞ்சேன்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "என் புருஷன் நாப்பது வருஷம் என் பக்கத்துல உட்கார்ந்து ரோட்டை மட்டும் பார்த்தாரு. நீங்க ரோட்டைக்கூடப் பார்க்கல."

"ஹில்க்கா அம்மா..."

"நான் ஓட்டினதுலேயே இன்னிக்குத்தான் நல்லா ஓட்டினேன். அதைப் பார்க்க ஆள் இல்ல. ஆள் இல்லாம ஓட்டணும்னா அந்தக் கம்பெனியிலேயே படிச்சுக்கலாமே. அங்கே காப்பியாவது கொடுக்கிறாங்க."

முப்பத்தெட்டு வருடத்தில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். இது திட்டே இல்லை, அதனால்தான் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். பின்னால் போய், டிக்கியில் முதலுதவிப் பெட்டிக்குக் கீழே போனை வைத்து மூடினேன். கொசு மொய்த்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, "அந்த வளைவுக்கு முன்னாடியிருந்து மறுபடி ஓட்டுங்க. மான் வராது. ஆனா நான் பார்க்கிறேன்" என்றேன். அவர் பின்கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் சாவியைத் திருப்பினார்.

என் வேலை என்னவென்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. புது ஆள் ஓட்டும்போது என் வலது கால் அதன் மேல் அரை அங்குல உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். சாயங்காலம் கெண்டைக்கால் கல்லாகிப் போகும். வாரங்கள் போகப்போக அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். எனக்கே தெரியாது. ஒரு நாள் திடீரென்று பார்த்தால் கால் தரைவிரிப்பில் சும்மா கிடக்கும், வீட்டு மேசைக்கடியில் கிடக்கிற மாதிரி. அந்த நாளுக்காகத்தான், அக்கா, முப்பத்தெட்டு வருடமாகக் காலையில் எழுந்திருக்கிறேன். இதற்கு நட்சத்திரம் கிடையாது. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஹில்க்கா அம்மாள் ஓட்டும்போது ஜூலை எட்டாம் தேதி, ரயில்வே நிலையத்து வளைவில், என் கால் சும்மா கிடப்பதைக் கண்டேன். "அடுத்த தெருவுல இடது பக்கம்" என்று மட்டும் சொன்னேன். என் குரல் ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். "ஜலதோஷமா?" என்று கேட்டார்.

ஜூலை பதினேழாம் தேதி தேர்வு. தேர்வதிகாரி வைசனென் அம்மாள், பல்லைக் காட்டாத ஆள், ரைமோவை ஐந்து முறை தோற்கடித்தவர். நாற்பத்தைந்து நிமிடத்தில் திரும்ப வேண்டும். ஒரு மணி நேரம் ஆயிற்று, வரவில்லை. நான் அலுவலக வாசலில் நாலு கோப்பைக் காப்பி குடித்தேன். எதிர்ச் சாரியில் அந்தக் கம்பெனியின் பயிற்சியாளன் மின்சாரக் காரில் சாய்ந்து நின்றுகொண்டு, "உங்க ஆளு ஸ்வீடனுக்கே போயிட்டாங்க போல" என்றான். கிளம்பி ஒன்றே கால் மணி நேரம் கழித்துக் கார் வந்தது. ஹில்க்கா அம்மாள் முகம் சுண்ணாம்பு. வைசனென் அம்மாள் முகம் தக்காளி. நடந்தது இதுதான்: தண்டவாளத்தில் தடுப்புக் கட்டை கீழே இறங்கி, ரயிலும் போய், கட்டை மட்டும் மேலே ஏறாமல் சிக்கிக்கொண்டது. பின்னால் ஒன்பது வண்டி, ஹாரன் மேல் ஹாரன். ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "ரயில் போயிடுச்சு அம்மா, ஓரமா வளைச்சுப் போங்க, நாங்கல்லாம் போறோம்" என்றிருக்கிறார். நாலு பேர் வளைத்துப் போயும் விட்டார்கள். வைசனென் அம்மாளே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். ஹில்க்கா அம்மாள் எஞ்சினை அணைத்து, கையை மடியில் வைத்து, முப்பத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். ரயில்வே ஆள் வந்து கையால் தூக்கி விட்ட பிறகுதான் எடுத்தார்.

"ஏன் அம்மா வளைச்சுப் போகல?" என்றேன்.

"கட்டை மேல போகல. நானும் போகல."

வைசனென் அம்மாள் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, "பதினெட்டு வருஷத்துல நான் பார்த்த நல்ல ஓட்டம்" என்று சொல்லிவிட்டு, கழிப்பறைக்கு ஓடினார்.

அந்தச் சனிக்கிழமை நானும் கெர்த்துவும் நடன மேடைக்குப் போனோம். ஹில்க்கா அம்மாள் தன் புருஷனுடைய காரில், தனியாக, நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, வேலியோரமாக ஒரே முயற்சியில் நிறுத்தினார். ஒன்பதரைக்கு மேல் நல்ல ஆட்டக்காரர்கள் உண்மையாகவே வந்தார்கள். கடைசி வால்ட்ஸை அவர் ஓய்வுபெற்ற வனத்துறை ரேஞ்சர் ஒருவரோடு ஆடினார். ஆடி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்து, "யாரும் கைப்பையைத் தூக்கிட்டு நிக்கல" என்றார்.

வீட்டுக்கு வந்து, மறுநாள் அவரிடம் அனுமதி கேட்டு, ஒரு பதிவு போட்டேன். "இன்று எழுதுவது நடந்து முடிந்ததைப் பற்றி. ஒருவர் ரயில் தடுப்பின் முன் முப்பத்திரண்டு நிமிடம் காத்திருந்தார். தேறினார். என் கால் சும்மா இருந்தது." அவ்வளவுதான். தும்மல் படத்தையும் எடுத்துவிட்டேன். மிஸ்கா கூப்பிட்டான். "மாமா, நீங்க எழுதினதுலயே இதுதான் நல்லா இருக்கு. ஆனா இதுல எங்கே மாமா விளம்பரம்?" என்றான். "இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் எழுதுவேன். வாரநாள்ல நான் கார்ல இருப்பேன், அதுவும் முழுசா" என்றேன். அப்புறம், "சரி மாமா. பொறாமையா இருக்கு" என்றான். எதைச் சொன்னான் என்று தெரியவில்லை. பிறகு பவுலீனா சொன்னாள், அவனும் தன் ஆபீஸில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனைத் தொட மாட்டேன் என்று அறிவித்துவிட்டானாம்.

வேடிக்கைக்கு வந்தவர்கள் போக, இப்போது என்னிடம் ஒன்பது பேர் படிக்கிறார்கள். மூன்று பேருடைய தாய்மார்கள், "அந்தக் கால் சும்மா இருக்கிற மாதிரி எங்க பொண்ணுக்கும் சொல்லிக் கொடுங்க" என்றே கேட்டு வந்தார்கள். ஒருத்தி கண்ணாடிக் கதவுக் கம்பெனியிலிருந்து தப்பி வந்தவள். ரைமோவும் வந்துவிட்டார். நான் நேரே கவுன்டருக்குப் போய், வரிசையில் நின்று, எல்லோரும் கேட்கும்படி, "தப்பு என் மேலதான்" என்றேன். அவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "எனக்கு நிஜமாவே வலது தெரியாதுய்யா, அதான் கோவம்" என்றார். இப்போது வலது கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் நல்ல இறைச்சி வேகிறது.

ஆகையால் அக்கா, விற்கிற பேச்சை விடு. தொழில் கைக்குள் இருக்கிறது, மனது இடத்தில் இருக்கிறது. இந்த ஊரில் சாலை சம்பந்தப்பட்ட காரியம் எதுவானாலும் முறைப்படி நடக்க வேண்டுமென்றால் தாவெத்தியிடம்தான் வர வேண்டும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நானாக ஓய்வு பெறுகிற நாளில் உனக்குத்தான் முதலில் எழுதுவேன். அது கிட்டத்தில் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்காலுக்குச் சூடு கொடு, படிக்கட்டில் மெதுவாக ஏறு. பவுலீனா மறுபடி அழுதால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. ஏரியில் மீன் இருக்கும் வரை, அடுப்பில் காப்பி இருக்கும் வரை, உனக்கு எங்கள் வீட்டில் ஒரு கட்டில் உண்டு. நீயும் உன் குடும்பமும் நூறாண்டு நன்றாக இருங்கள்.

உன் அன்புத் தம்பி,
தாவெத்தி

பி.கு. திங்கட்கிழமை மத்தியானம். இதைத் தபாலில் சேர்க்கக் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தருகே போலீஸ் எல்லோரையும் நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊதினேன், சுத்தம். போலீஸ்காரி லைசன்ஸைக் கேட்டாள், என்னிடம் படித்த பெண்தான், இரண்டு தடவை தோற்றவள். வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், "தாவெத்தி, இது போன மாசம் இருபத்தொன்னாம் தேதியே முடிஞ்சிருச்சே" என்றாள். அன்று எனக்கு எழுபது வயது முடிந்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை, நீயும் மறந்துவிட்டாய். எழுபதுக்கு மேல் வைத்தியர் சான்றிதழ் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டுமாம். வருகிறவர்களுக்கெல்லாம் இதை நானே பாடமாக எடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்கிற அனுமதிச்சீட்டு இன்னும் செல்லுமாம், ஓட்டத்தான் கூடாதாம், சொல்லிக்கொடுப்பதும் கூடுமா என்று ஹெல்சின்கியைக் கேட்டுச் சொல்கிறார்களாம். அதுவரை பள்ளிக்கு விடுமுறை. மேலே எழுதியதில் "முறைப்படி" என்று வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படிக்கவும். வைத்தியர் யோயென்சூவில், வியாழக்கிழமை கண் பரிசோதனை. ஹில்க்கா அம்மாள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றிருக்கிறார். ஒரே நிபந்தனை: போகிற வழியில் நான் வாயைத் திறக்கக் கூடாதாம். ஓட்டுகிறவரிடம் பக்கத்தில் இருப்பவர் பேசினால் கவனம் சிதறும் என்று எவனோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.